வரைபலகையின் வாரிசுகள்

முதல் வாரம்: கோபுரம் எங்கே?

1937-இல் ஆர்ஹூஸ் நகரத்தில் எங்கே போனாலும் பேச்சு ஒரே விஷயத்தில்தான் போய் முடியும். கட்டப்போகிற புது நகரமன்றத்துக்குக் கோபுரம் உண்டா, இல்லையா?

டென்மார்க்கின் இரண்டாவது பெரிய ஊர் அது. 1441-இல் நகரச் சாசனம் வாங்கியது. 500-வது ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் நகராட்சிக்கு நல்ல கட்டடமாக ஒன்று எழும்ப வேண்டும் என்று போட்டி வைத்தார்கள். ஜெயித்த வரைபடத்தைப் பார்த்து ஜனங்கள் திகைத்துப் போனார்கள். நீளமாக ஒரு கட்டடம் இருந்தது, வரிசையாக ஜன்னல்கள் இருந்தன. கோபுரத்தை மட்டும் காணோம். கோபன்ஹேகன்காரர்களின் நகரமன்றத்துக்கு 105 மீட்டர் கோபுரம் இருக்கும்போது நாம் மட்டும் மொட்டையாக ஒன்றைக் கட்டிக்கொள்வதா என்று ஆர்ஹூஸ்காரர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. பத்திரிகைகள் எழுதின. ஊர் கொதித்தது. நகராட்சி இறங்கி வந்தது. கோபுரம் வையுங்கள், முகப்புக்கு நல்ல கல் பதியுங்கள் என்று ஜெயித்தவர்களிடம் சொல்லியாயிற்று.

ஜெயித்தவர்கள் இருவர். ஒருவர் எரிக் மோலர். இன்னொருவர் 35 வயது ஆர்னே யாகப்சன். இந்தத் தொடரில் நாம் பின்தொடரப்போவது இரண்டாமவர் நடத்திய ஆபீஸை. அவரே போன பிறகும் அந்த ஆபீஸ் போகவில்லை என்பதுதான் கதை.

இப்படி வாடிக்கையாளர் குறுக்கே நிற்கும்போது ஆர்க்கிடெக்டுகள் வழக்கமாகச் செய்வது இரண்டில் ஒன்று. கோபித்துக்கொண்டு விலகுவார்கள். அல்லது கேட்டதை ஒட்டவைத்துக் கொடுத்துவிட்டு, ஆயுசு முழுக்க அந்தக் கட்டடத்தின் பேச்சையே எடுக்கமாட்டார்கள். இவர்கள் இரண்டையும் செய்யவில்லை. 60 மீட்டர் உயரத்துக்குக் கோபுரம் வைத்தார்கள். ஆனால் அதைச் சுற்றி வெறும் கான்கிரீட் சட்டங்களை அப்படியே வெளியே தெரிய விட்டார்கள். கட்டி முடித்தவர்கள் சாரத்தைப் பிரிக்க மறந்துவிட்டார்களோ என்று தோன்றும். கடிகாரம் உச்சியில் இல்லை. சற்றுக் கீழே, அந்தச் சட்டங்களுக்கு இடையில் உட்கார்ந்திருக்கிறது. ஊர் கேட்டதும் கிடைத்தது, அவர்கள் குணமும் மாறவில்லை.

முகப்புக்கு நார்வேயின் போர்ஸ்குருனிலிருந்து சாம்பல் சாயலுள்ள சலவைக்கல் வந்தது. இந்தக் கல்லை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவும். மூன்றாவது வாரம் மறுபடி வரும். உள்ளே போடுகிற மேஜை நாற்காலிகளை வரைய ஹான்ஸ் வெக்னர் என்ற இளைஞரைப் பிடித்தார்கள். நாற்காலி உலகத்தில் அந்தப் பெயர் பிற்பாடு என்ன ஆயிற்று என்பது தனிக் கதை.

யாகப்சன் கோபன்ஹேகனில் 1902-இல் பிறந்தவர். யூதக் குடும்பம். அப்பா ஊக்கும் பிரஸ் பட்டனும் விற்கிற மொத்த வியாபாரி. அம்மா வங்கியில் வேலை பார்த்தவர், பூக்களை வரைவார். பையன் சின்ன வயதிலேயே தன் அறைச் சுவரின் பூவேலைக் காகிதத்தின் மேல் வெள்ளைப் பெயிண்ட் அடித்துவிட்டான் என்று சொல்வார்கள். ஓவியனாகப் போகிறேன் என்றவனை அப்பாதான் கட்டடத் தொழிலுக்குத் திருப்பினார். முதலில் கொத்து வேலை பழகினான். அதற்கப்புறம்தான் ராயல் அகாடமி.

1929-இல் பள்ளிக்கூட நண்பர் ஃப்ளெம்மிங் லாஸனோடு சேர்ந்து அவர் காட்சிக்கு வைத்த 'எதிர்கால வீடு' கோபன்ஹேகனையே வேடிக்கை பார்க்க வைத்தது. சுருள் வடிவம், தட்டை மாடி, மாடியில் குட்டி விமானம் இறங்க இடம், கீழே படகு நிறுத்த ஒரு கொட்டகை. ஜன்னல் கண்ணாடியைக் காரில் இறக்குவது போல இறக்கிக்கொள்ளலாம். வாசலில் போட்ட மிதியடி, வருகிறவர்களின் செருப்புத் தூசியைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். இதில் பாதி விளையாட்டு. ஆனால் வீடு என்றால் சுவரும் கூரையும் மட்டுமல்ல, மிதியடி வரைக்கும் ஆர்க்கிடெக்டின் வேலைதான் என்ற பிடிவாதம் அப்போதே வந்துவிட்டது.

அந்தப் பிடிவாதத்தை நிஜமாகப் பார்க்க வேண்டுமென்றால் கோபன்ஹேகனுக்கு வடக்கே கிளாம்பன்பர்க் கடற்கரைக்குப் போக வேண்டும். 1932-இல் அங்கே பெல்வியூ என்ற குளியல் கடற்கரையை அமைக்கும் வேலை யாகப்சனுக்குக் கிடைத்தது. உயிர்காப்பாளர் உட்காரும் நீலப் பட்டை போட்ட கோபுரங்களை வரைந்தார். ஐஸ்க்ரீம் விற்கும் பெட்டிக்கடையை வரைந்தார். உடை மாற்றும் அறைகளை வரைந்தார். ஊழியர்களின் சீருடையையும், சீசன் டிக்கெட்டையும்கூட அவரே வரைந்தார். இரண்டு வருடத்தில் பக்கத்திலேயே பெல்லாவிஸ்டா குடியிருப்பு எழுந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் கடல் தெரிய வேண்டும் என்பதற்காகப் படிப்படியாகத் தள்ளித் தள்ளி வைத்த வெள்ளை வீடுகள். அப்புறம் ஒரு நாடகக் கொட்டகை. கோடைக்காலத்தில் அதன் கூரையைத் திறந்துவிட்டால் தலைக்கு மேல் வானம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் 1940 ஏப்ரல் 9 வந்தது. ஜெர்மன் படை டென்மார்க்குக்குள் நுழைந்தது. ஆர்ஹூஸ் நகரமன்றம் 1941 ஜூனில் திறக்கப்பட்டபோது ஊர் அன்னியர் கையில் இருந்தது. ஆனாலும் டென்மார்க்கில் அரசாங்கம் ஒன்று பெயருக்காவது இயங்கியதால், யூதர்கள் மேல் மூன்று வருடம் யாரும் கைவைக்கவில்லை. 1943 ஆகஸ்ட் கடைசியில் அந்த அரசாங்கமும் விலகியது. இனி தடுக்க ஆளில்லை.

செப்டம்பர் 28-ஆம் தேதி, ஜெர்மன் தூதரகத்தில் கப்பல் விவகாரங்களைக் கவனித்துக்கொண்டிருந்த டுக்விட்ஸ் என்ற அதிகாரி, டேனிஷ் சோஷல் டெமாக்ரட் தலைவர்களைத் தேடிப்போய் ரகசியத்தைச் சொல்லிவிட்டார். இன்னும் சில நாளில் வேட்டை. மறுநாள் காலை, யூதப் புத்தாண்டுக்கு முந்தின வழிபாட்டில், ரபி மார்கஸ் மெல்கியோர் பிரார்த்தனையைப் பாதியில் நிறுத்திவிட்டு, எல்லாரும் வீட்டைவிட்டுப் போய் ஒளிந்துகொள்ளுங்கள் என்றார். அக்டோபர் 1 ராத்திரி கெஸ்டபோ கதவுகளைத் தட்டியபோது பெரும்பாலான வீடுகளில் ஆள் இல்லை.

தப்பிக்க ஒரே வழி கடல். ஓரசுண்ட் நீரிணைக்கு அந்தப் பக்கம் ஸ்வீடன். மிகக் குறுகலான இடத்தில் 4 கிலோமீட்டர்தான். மீனவர்கள் தங்கள் படகுகளில் ஆட்களை மறைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். யாகப்சனுக்கு வாய்த்தது ஒரு துடுப்புப் படகு. கூட மனைவி யோனா. பவுல் ஹென்னிங்சனும் அவர் மனைவியும் கூடவே ஏறினார்கள். விளக்கு வடிவமைப்பில் டென்மார்க் கொண்டாடுகிற பெயர் ஹென்னிங்சன். அவர் யூதர் இல்லை. நாஜிகளைத் தாக்கி எழுதிய பேனாவே அவருக்குப் போதுமான ஆபத்தைச் சம்பாதித்துக் கொடுத்திருந்தது.

இங்கே கரையெல்லாம் இருட்டடிப்பு. அங்கே நடுநிலை நாடான ஸ்வீடனில் விளக்குகள் எரிகின்றன. நடுவில் ஜெர்மன் ரோந்துக் கப்பல்கள் சுற்றும் அக்டோபர் மாதத்துக் குளிர் கடல். படகுக்கு மோட்டார் கிடையாது.

(தொடரும்)


இரண்டாம் வாரம்: ஒரு கரண்டிகூடத் தப்பாது

கரை சேர்ந்தார்கள்.

அந்த இலையுதிர்காலத்தில் ஓரசுண்டைத் தாண்டி உயிர் தப்பிய 7,000-க்கும் மேற்பட்டவர்களில் அவர்களும் சேர்த்தி. ஆனால் அகதியாக வந்த ஆர்க்கிடெக்டுக்கு யார் கட்டடம் கொடுப்பார்கள்? யாகப்சன் பென்சிலை வைத்துவிட்டு வாட்டர்கலர் பிரஷ்ஷை எடுத்தார். வயல் ஓரத்துச் செடிகள், புல், காட்டுப்பூக்கள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தார். யோனா துணி அச்சடிக்கும் தொழில் தெரிந்தவர். கணவர் வரைந்ததைச் சட்டத்தில் ஏற்றி, சாயம் இழுத்து, துணியில் இறக்கினார். ஸ்டாக்ஹோமின் பெரிய கடையான நோர்டிஸ்கா கொம்பானியெட் அவற்றை வாங்கி விற்றது. சின்ன வயதில் சுவரிலிருந்த பூக்களை வெள்ளையடித்து மறைத்த ஆள், நாற்பது வயதுக்கு மேல் பூப்போட்ட துணியில் சோறு சாப்பிட்டார்!

1945-இல் போர் முடிந்ததும் திரும்பினார்கள். அதே கிளாம்பன்பர்க், அதே கடற்கரைச் சாலை. 1950-இல் அங்கே சோஹோல்ம் என்ற வரிசை வீடுகளைக் கட்டி, அதில் ஒன்றைத் தனக்கே வைத்துக்கொண்டார். வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் ஆபீஸ். வெளியே கொஞ்சம் இடம், அதில் 300-க்கும் மேற்பட்ட செடிவகைகள். இன்னொரு ஜென்மம் கிடைத்தால் தோட்டக்காரனாகப் பிறப்பேன் என்பாராம். கீழே வரைபலகைகளில் குனிந்திருந்த இளைஞர்களுக்கு இந்தத் தோட்டம் ஒரு எச்சரிக்கையாகவும் இருந்திருக்கும். எந்தச் செடி எந்த மூலையில் என்பதில்கூட விட்டுக்கொடுக்காத மனிதர் எந்தக் கோட்டை விட்டுவைப்பார்?

அந்த ஆபீஸிலிருந்து 1952-இல் ஒரு நாற்காலி வந்தது. நோவோ மருந்துக் கம்பெனியின் கேண்டீனுக்காக வரைந்தது. ஒட்டுப்பலகையை வளைத்து முதுகும் இருக்கையும் ஒரே துண்டாகச் செய்தார்கள். கால் மூன்றுதான். எறும்பு நாற்காலி என்று பெயர் பெற்றது. தயாரித்த ஃப்ரிட்ஸ் ஹான்ஸன் கம்பெனிக்கு முதலில் நம்பிக்கையே இல்லை. மூன்று காலில் உட்கார்ந்து சாய்ந்தால் ஆள் விழுவார், நாலாவது கால் வையுங்கள் என்று கேட்காதவர் பாக்கியில்லை. யாகப்சன் அசையவில்லை. இந்த நாலாவது காலும் மூன்றாம் வாரத்துக்கு.

பிறகு வேலை குவிந்தது. ரோடோவ்ரே நகரமன்றம், மூங்கேகோர் பள்ளிக்கூடம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். நிற்க வேண்டிய இடம் 1960.

அந்த வருடம் கோபன்ஹேகனின் மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எஸ்.ஏ.எஸ். விமானக் கம்பெனியின் ஓட்டல் திறக்கப்பட்டது. 22 மாடி, 275 அறை. கூரைகளும் கோபுரங்களுமாய் இருந்த நகரத்தில் அத்தனை உயரத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. கண்ணாடிச் சுருட்டுப்பெட்டி என்று ஊரார் கேலி செய்தார்கள். உள்ளே நுழைந்தவர்களுக்குக் கேலி நின்றுபோனது. வரவேற்பறைக்கென்றே முட்டை, அன்னம் என்று இரண்டு வகை நாற்காலிகளை யாகப்சன் புதிதாக வடித்திருந்தார். கதவுக் கைப்பிடி அவருடையது. விளக்கு அவருடையது. திரைச்சீலை, ஆஷ்ட்ரே, சாப்பாட்டு மேஜையின் கரண்டி, முள், கத்தி எல்லாம் அவருடையது. குளிர்காலத் தோட்டம் என்று ஓர் அறை. அதன் சுவர் இரண்டு கண்ணாடித் தகடுகள். நடுவிலிருந்த இடைவெளியில் ஆர்கிட் செடிகளைத் தொங்கவிட்டிருந்தார். சாப்பிடுகிறவர் பூச்சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். அந்தக் கரண்டிகளை ஸ்டான்லி குப்ரிக் தன் '2001' படத்தில் விண்வெளிப் பயணிகள் கையில் கொடுத்தார். ஓட்டல் பல முறை மாற்றியமைக்கப்பட்டுவிட்டது. 606-ஆம் எண் அறையை மட்டும் அன்றிருந்தபடியே வைத்திருக்கிறார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து அழைப்பு வந்தது இந்தச் சமயத்தில்தான். செயின்ட் கேதரின்ஸ் என்ற புதுக் கல்லூரியை நிறுவிக்கொண்டிருந்த வரலாற்றாசிரியர் ஆலன் புல்லக், டென்மார்க் போய்க் கட்டடங்களைப் பார்த்துவிட்டு யாகப்சனே வேண்டும் என்றார். இங்கிலாந்தில் ஆர்க்கிடெக்டே இல்லையா என்று உள்ளூரில் முணுமுணுப்பு எழுந்தது. இதே புல்லக்தான் ஹிட்லரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிப் பெயர் வாங்கியவர். ஹிட்லரின் ஆட்களிடமிருந்து படகேறித் தப்பியவரை அவரே தேடிப்போனது காலத்தின் விளையாட்டு என்று சொல்வதற்கு எனக்கு ஆசைதான். காரணம் அதுவல்ல, அவருக்குப் பிடித்தது மூங்கேகோர் பள்ளிக்கூடத்தின் முற்றங்கள். ஆக்ஸ்ஃபோர்டிலும் அதே கதை. சாப்பாட்டுக் கூடத்தில் ஆசிரியர்கள் உட்காரும் உயர்முதுகு ஓக் நாற்காலி வரை கிளாம்பன்பர்க் கீழ்த்தளத்தில் வரைந்ததுதான்.

இப்படி எல்லாவற்றையும் ஒருவரே தீர்மானிக்கிற ஆபீஸுக்கு ஒரு பலவீனம் உண்டு. அந்த ஒருவர் இல்லாவிட்டால்?

1960-களின் கடைசியில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை. டென்மார்க்கின் மத்திய வங்கிக்கான கட்டடம் 1965-லிருந்து கோபன்ஹேகன் நடுவில் எழும்பிக்கொண்டிருந்தது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தில் ரைன் நதிக்கரையில் நகரமன்றம். அதே நாட்டில் காஸ்ட்ரோப்-ராக்ஸெல் என்ற ஊருக்கு நகர மையம். லண்டன் ஸ்லோன் ஸ்ட்ரீட்டில் டேனிஷ் தூதரகம். பாலைவனத்தில் குவைத் மத்திய வங்கி. நாலு நாட்டில் வேலை, ஒரே கையெழுத்து.

1971 மார்ச் 24. வங்கிக் கட்டடத்தின் முதல் கட்டம்தான் ஏறக்குறைய முடியும் நிலையில் இருந்தது. மற்றதெல்லாம் தாளில், அல்லது அஸ்திவாரத்தில். அன்று ஆர்னே யாகப்சனின் இதயம் நின்றது.

(தொடரும்)


மூன்றாம் வாரம்: நாலாவது கால்

69 வயது. நோய்வாய்ப்பட்டுப் படுக்கவில்லை, வாரிசு என்று யாரையும் நாற்காலியில் உட்காரவைக்கவில்லை. ஆனால் வங்கியின் தளத்தில் வேலை நிற்க முடியாது. காண்ட்ராக்டர் அடுத்த வரைபடத்தைக் கேட்பார். மைன்ஸ் நகராட்சி தேதி கேட்கும். குவைத்திலிருந்து கடிதம் வரும். யார் பதில் எழுதுவது?

இரண்டு பேர் எழுதினார்கள். ஹான்ஸ் டிஸ்ஸிங், ஓட்டோ வைட்லிங். ஆசானின் ஆபீஸில் வருடக்கணக்கில் உழைத்தவர்கள், மூத்தவர்கள். மைன்ஸ் நகரமன்றப் போட்டியில் யாகப்சன் பெயரோடு வைட்லிங் பெயரும் சேர்ந்தே போயிருந்தது. வெளியுலகத்துக்கு அந்த இரண்டாவது பெயர் ஒரு பொருட்டே இல்லை. யாகப்சனுக்காகத்தான் கட்டடம் கொடுத்திருந்தார்கள்.

இங்கே சுலபமான வழி ஒன்று இருந்தது. 'ஆர்னே யாகப்சன் ஆபீஸ்' என்ற பலகையை அப்படியே விட்டுவைத்து, அவர் பெயரின் நிழலில் காலம் தள்ளுவது. உலகத்தில் பல ஆபீஸ்கள் செய்வது அதுதான், தப்பும் இல்லை. இவர்கள் 1971-லேயே பலகையை மாற்றினார்கள். 'டிஸ்ஸிங்+வைட்லிங்.' நடுவில் ஒரு கூட்டல் குறி. வேலைகள் ஆசானுடையவை, பொறுப்பு இனி எங்களுடையது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. துணிச்சலான காரியம் என்றுதான் எனக்குப் படுகிறது. கட்டடத்தில் தவறு வந்தால் சாக்குச் சொல்ல இனி பெரிய பெயர் கிடையாது.

பாதியில் நிற்கிற கட்டடத்தை முடிப்பது என்றால் என்ன? வரைபடம் இருக்கிறது, அதன்படி கட்டினால் போச்சு என்று வெளியிலிருப்பவர்கள் நினைப்பார்கள். பெரிய வரைபடத்தில் சுவர் எங்கே, படி எங்கே என்பதுதான் இருக்கும். அந்தப் படியின் கைப்பிடி சுவரை எந்த இடத்தில் தொட வேண்டும், இரண்டு கற்களுக்கு நடுவில் எத்தனை மில்லிமீட்டர் விடுவது, விளக்கின் ஒயர் எந்த வழியாக வெளியே தெரியாமல் வர வேண்டும் என்பதெல்லாம் கட்டுமானம் அந்த இடத்துக்கு வரும்போதுதான் தீர்மானமாகும். யாகப்சன் ஆபீஸில் இவைதான் உயிர். அவர் இருந்தால் பைப்பைக் கடித்துக்கொண்டு குனிந்து பார்த்து, அழித்துவிட்டு மறுபடி வரையச் சொல்வார். இப்போது குனிந்து பார்க்க ஆளில்லை. அவர் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகித்து வரைவதா, நமக்குச் சரியென்று பட்டதை வரைவதா? ஏழு வருடம், ஒவ்வொரு மூலையிலும் இந்தக் கேள்வி.

வங்கியைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கேதான் கேள்வி மிகக் கூர்மையாக நின்றது. பழைய மத்திய வங்கிக் கட்டடம் 1870 வாக்கில் ஹெர்ஹோல்ட் என்ற டேனிஷ் ஆர்க்கிடெக்ட் கட்டியது. வங்கி ஒரு நாள்கூட மூட முடியாதாகையால், புதுக் கட்டடத்தை மூன்று கட்டமாகப் பிரித்திருந்தார்கள். முதல் கட்டத்தில் நோட்டு அச்சடிக்கும் பகுதியையும் சேர்த்துக் கட்டி, அங்கே குடியேறிய பிறகு பழைய கட்டடத்தை இடித்து, அந்த இடத்தில் மீதியைக் கட்டுவது. செத்துப்போன ஓர் ஆர்க்கிடெக்டின் கட்டடத்தை இடித்துவிட்டுத்தான் செத்துப்போன இன்னொரு ஆர்க்கிடெக்டின் கட்டடத்தை முடிக்க வேண்டியிருந்தது.

1978-இல் முடித்தார்கள். தெருவிலிருந்து பார்த்தால் நார்வே சலவைக்கல். ஆமாம், ஆர்ஹூஸில் ஊர் சண்டை போட்டு வாங்கிய அதே போர்ஸ்குருன் கல்! இடையிடையே இருண்ட கண்ணாடிக் கீற்றுகள். நாட்டின் கஜானா இருக்கிற இடமாயிற்றே, பெரிய வாசல் இருக்கும் என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். நீண்ட வெற்றுச் சுவரில் ஒரு சின்னக் கதவுதான். அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் கழுத்து தானாக நிமிரும். 20 மீட்டர் உயரத்துக்கு ஒரே கூடம், ஆப்பு வடிவம். வெளிச்சம் நெட்டுக்குத்தான ஒடுக்கமான பிளவுகள் வழியாகத்தான் வருகிறது. ஒரு பக்கமாக மேலே போகிறது படிக்கட்டு. அதற்குத் தூண் கிடையாது. விரல் தடிமனுக்குச் சற்றே கூடுதலாகத் தெரியும் எஃகுக் கம்பிகள் மேற்கூரையிலிருந்து இறங்கி, படிக்கட்டை அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பக்கத் தடுப்பு கண்ணாடி. ஏறுகிறவரின் கால் கீழே நிற்பவருக்குத் தெரியும். பணம் வைத்திருக்கிற கட்டடத்தில் பணத்தின் ஜொலிப்பு எங்குமே இல்லை. கல்லும் உயரமும்தான் இருக்கின்றன. அந்தக் கூடத்தில் நிற்கும்போது எந்தக் கோடு ஆசானுடையது, எது சீடர்களுடையது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. 2009-இல் டென்மார்க் அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது.

மற்றவையும் முடிந்தன. மைன்ஸ் நகரமன்றம், அதுவும் போர்ஸ்குருன் கல்லில். காஸ்ட்ரோப்-ராக்ஸெல்லும் குவைத் வங்கியும் 1976-இல், லண்டன் தூதரகம் 1977-இல். பட்டியலை நீட்டிப் பயனில்லை. கடன் தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

நாலாவது காலை மறக்கவில்லை. எறும்பு நாற்காலி மூன்று காலோடுதான் யாகப்சன் ஆயுள் முழுக்க விற்றது. அவர் போய் ஒன்பது வருடம் கழித்து, 1980-இல், தயாரிப்பாளர்கள் நாலு கால் வைத்த ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். நன்றாகவே விற்றது. அதில் உட்காரும் யாரும் விழுவதில்லை. இதை எப்படி எடுத்துக்கொள்வது? ஆசான் சொன்னதை மீறியது துரோகம் என்பவர்கள் இன்றும் மூன்று கால் நாற்காலியைத்தான் வாங்குகிறார்கள். வாரிசுகள் என்பவர்கள் எங்கே மாற்றலாம், எங்கே தொடக்கூடாது என்று ஒரு சட்டம் எங்கும் எழுதப்படவில்லை. டிஸ்ஸிங்கும் வைட்லிங்கும் வங்கிப் படிக்கட்டில் ஒரு கால்கூடக் கூட்டவில்லை. அந்தப் பணிவு அவர்கள் சொந்தமாக வரையத் தொடங்கியபோதும் இருக்குமா?

இந்த ஆபீஸின் பெயரை இன்று கேள்விப்பட்டவர்கள் பெரும்பாலும் பாலங்களை நினைப்பார்கள். டென்மார்க்கின் இரண்டு தீவுகளை இணைத்து 1998-இல் திறந்த கிரேட் பெல்ட் தொங்குபாலத்தின் 1,624 மீட்டர் இடைவெளி, ஹாங்காங்கின் ஸ்டோன்கட்டர்ஸ் பாலம், கோபன்ஹேகன் துறைமுகத் தண்ணீருக்கு மேல் சைக்கிள்களுக்கென்றே 2014-இல் போட்ட ஆரஞ்சு நிறப் பாதை. திருகாணியே இல்லாத ஒரு மூக்குக்கண்ணாடிச் சட்டமும் உண்டு, அதற்குக் காரணம் டிஸ்ஸிங்கின் மூக்கு. எல்லாம் வரிசையாக வரும். அவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு கதவு திறக்க வேண்டியிருந்தது. அது ஜெர்மனியில் இருந்தது.

1975. வங்கியில் இன்னும் சுத்தியல் ஓய்வதற்கு முன்பே, டூசல்டோர்ஃப் நகரத்தில் ஓவியக்கூடம் ஒன்றைக் கட்டப் போட்டி அறிவித்தார்கள். வெறும் ஓவியக்கூடம் அல்ல. 1933-இல் அந்த ஊர் ஓவியக் கல்லூரியிலிருந்து நாஜிகள் பேராசிரியர் பால் க்ளேயை விரட்டினார்கள். ஸ்விட்சர்லாந்துக்குப் போனவர் 1940-இல் அங்கேயே இறந்தார். போருக்குப் பிறகு அந்த ஊர் இருக்கும் மாநிலத்தின் அரசு, 1960-இல், க்ளேயின் 88 படைப்புகளை மொத்தமாக விலைக்கு வாங்கியது. விரட்டிய ஊருக்கே அவரைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பழைய மாளிகை ஒன்றில் நெருக்கியடித்துத் தொங்கிக்கொண்டிருந்த அந்தப் படங்களுக்கும், அவற்றைச் சுற்றி வளர்ந்துவிட்ட பெரிய சேகரிப்புக்கும் இப்போது வீடு வேண்டும்.

கோபன்ஹேகனிலிருந்து இருவரும் கலந்துகொண்டார்கள். இந்த முறை முடித்துக் கொடுக்க யாருடைய கோடும் இல்லை. வெள்ளைத் தாள். சலவைக்கல்லா, வேறு கல்லா? ஆசானின் கடைசிக் காலத்துச் செங்கோணங்களா, வேறு ஏதாவதா? அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கவும் வேண்டாம், யோசித்து மறைந்துகொள்ளவும் முடியாது.

போட்டிக்கு வந்தவர்களில் ஜேம்ஸ் ஸ்டர்லிங்கும் ஒருவர். ஐரோப்பாவிலேயே அந்த வருடங்களில் அதிகம் பேசப்பட்ட பிரிட்டிஷ் ஆர்க்கிடெக்ட். அவருடைய திட்டத்தின் நடுவில் வானத்தைப் பார்த்துத் திறந்த ஒரு வட்ட முற்றம். மாணவர்கள் அந்த வரைபடத்தைப் பல வருடம் பிரதியெடுத்து வைத்துக்கொள்ளப் போகிறார்கள். நடுவர்கள் மேஜையில் ஒரு பக்கம் அந்த வட்டம். இன்னொரு பக்கம், சொந்தமாக ஒரு பெரிய கட்டடத்தைக்கூட இன்னும் காட்டாத இரண்டு டேனிஷ்காரர்களின் தாள்கள்.

(அடுத்த வாரம்: நடுவர்கள் எடுத்த தாள்)